அவசர மருத்துவக் குறிப்பு: பழனி மலையும் கொடைக்கானலும்

அவசர மருத்துவக் குறிப்பு என்பது ஒருவர் தன் நோய், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்து, அழைக்க வேண்டிய உறவினரின் எண் ஆகியவற்றை எழுதித் தன்னுடன் எப்போதும் வைத்திருக்கும் சிறு பதிவு. அட்டை, வளையல், பதக்கம், கைப்பேசித் திரை எனப் பல வடிவங்களில் அது இருக்கிறது. நோயாளி பேச முடியாத நிலையில் அவருக்காகப் பேசுவது அதன் பயன். மருத்துவமனை தொலைவில் உள்ள மலைப்பகுதிகளில் இதன் தேவை கூடுதல். பழனி மலைத்தொடரில் நோயாளிகள் மலையிறங்கிய வரலாறு ஏறத்தாழ 180 ஆண்டுகளாகத் தொடர்ச்சியாக அறியப்படுகிறது. நோயாளியைப் பற்றிய செய்தி எவ்வாறு அவருடன் சென்றது, எங்கே தவறிப்போனது என்பதை அந்த வரலாற்றின் வழியே காணலாம்.

மலையின் அமைப்பு

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் கிளை. இதன் பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. தென்சரிவுகள் தேனி மாவட்டத்தை நோக்கி இறங்குகின்றன. உள்ளூர் வழக்கில் இது இரண்டு பகுதிகளாகப் பேசப்படுகிறது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி முதலிய ஊர்கள் மேல்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் முதலியவை கீழ்மலை. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் நகரம் மேல்மலை ஊர்களுக்குச் சந்தையும் மருத்துவமனையும் உள்ள இடம்.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர், பழனிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இரண்டுமே கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதைகள். பனிமூட்டம், மண்சரிவு, மரம் விழுதல், விடுமுறைக்கால வாகன நெரிசல் ஆகியவற்றால் பயண நேரம் மேலும் நீளும். மேல்மலை ஊர் ஒன்றில் மயங்கி விழுந்தவர் முதலில் ஊர்க்காரர் ஒருவரின் ஜீப்பில் ஏற்றப்படலாம். பின் ஆரம்ப சுகாதார நிலையம், கொடைக்கானல் அரசு மருத்துவமனை, மறுபடியும் ஆம்புலன்ஸ், கடைசியாகத் தேனி, திண்டுக்கல் அல்லது மதுரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று அவர் கைமாறிக்கொண்டே செல்கிறார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அவரைப் பற்றிய செய்தியின் ஒரு பகுதி விடுபட வாய்ப்புண்டு.

நோய்க்கு அஞ்சி உருவான ஊர்

கொடைக்கானல் நகரம் உருவானதற்கே நோய்தான் காரணம். 1821-ல் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்னும் நில அளவையாளர் இம்மலையை அளந்தார். 1834-ல் மதுரையின் துணை ஆட்சியராக இருந்த ஜே.சி. ராட்டன் மலையேறி வந்து செண்பகனூரில் வீடு கட்டினார். அதே 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் தங்கள் பணியைத் தொடங்கினர். சமவெளியின் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களையும் அவர்களின் குழந்தைகளையும் பலிகொண்டன. ஓய்வுக்கும் உடல்தேற்றத்துக்கும் அவர்கள் முதலில் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னர் 1845-ல் கொடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். அந்த ஆண்டே நகரத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-ல். அதற்கு முன் நோய்க்கு மருந்தாக இருந்தவை கொயினாவும் உயரமான இடமும் மட்டுமே. எனவே காய்ச்சல் கண்டவரை மலைக்குத் தூக்கிச் செல்வதும், மலையில் நோய் முற்றியவரை மதுரைக்கு இறக்குவதும் அந்தக் காலத்து மருத்துவத்தின் பகுதிகளாயின. மதுரையில் மிஷன் மருத்துவராகப் பணியாற்றிய பிராங்க் வான் ஆலனின் பெயரால் கொடைக்கானலில் பின்னர் வான் ஆலன் மருத்துவமனை அமைந்தது.

டோலியும் வாய்மொழியும்

1875-ல் அம்மையநாயக்கனூர் வரை ரயில் வந்தது. அந்த நிலையம் இப்போது கொடைக்கானல் ரோடு எனப்படுகிறது. அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் அருகே மலையடிவாரத்துக்கு வந்து, பின் மலைப்பாதையில் நடந்தோ, குதிரையிலோ, நாற்காலியிலோ, டோலியிலோ ஏற வேண்டும். லாஸ் காட் எனப்படும் மலைச்சாலை 1910-களில் வண்டிப் போக்குவரத்துக்குத் திறக்கப்படும்வரை கொடைக்கானலுக்கு வந்த பெரும்பாலோர் இவ்வாறே வந்தனர். டோலி என்பது மூங்கில் கழியில் துணியையோ கட்டிலையோ கட்டித் தோளில் சுமப்பது. சுமப்பவர்கள் முறைவைத்துத் தோள் மாற்றிக்கொள்வார்கள்.

டோலியில் சென்ற நோயாளியைப் பற்றிய செய்தி சுமந்தவர்களின் வாயிலும் உடன்வந்த உறவினரின் நினைவிலும் இருந்தது. வசதியுள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதிய கடிதம் இருக்கலாம். மலைவாழ் மக்களான பளியர், புலையர் ஆகியோருக்கும் மலைக்கிராம விவசாயிகளுக்கும் அதுவும் இல்லை. எப்போது காய்ச்சல் தொடங்கியது, என்ன பச்சிலை கொடுக்கப்பட்டது, கர்ப்பிணிக்கு எத்தனையாவது மாதம் என்பதையெல்லாம் கேட்டு அறிவதே வழி. உடன்வந்தவருக்குத் தெரியாத செய்தி மருத்துவரை அடைய வழியில்லை.

இந்த நிலை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய பாதையில் அமைந்த வெள்ளகவி, வண்டிப்பாதை இல்லாத ஊராகவே நீண்டகாலம் இருந்தது. நகரம் உருவாவதற்கு முன்பே இருந்த இக்கிராமத்திலிருந்து நோயாளிகளையும் பிரசவ வேதனையில் உள்ள பெண்களையும் வட்டக்கானல் பக்கமாக மேலே ஏற்றியோ, கும்பக்கரை பக்கமாகக் கீழே இறக்கியோ டோலியில் கொண்டுசென்ற செய்திகள் இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் நாளிதழ்களில் வெளிவந்தன. டோலி சாலையை அடைந்து ஆம்புலன்சில் நோயாளி ஏற்றப்படும்போது சுமந்து வந்தவர்களில் ஓரிருவர் மட்டுமே உடன் செல்ல முடியும். நோயாளியின் முழுக் கதையும் தெரிந்தவர் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தால் அந்த இழப்பு ஏற்படுவதில்லை.

தமிழில் எழுதப்பட்ட மருத்துவம்

அவசரக் குறிப்பு யாருக்காக எழுதப்படுகிறதோ அவர் படிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். இந்தக் கேள்வியை முன்கூட்டியே எதிர்கொண்டவர் சாமுவேல் பிஸ்க் கிரீன். மதுரை மிஷனின் தாய் அமைப்பான அமெரிக்க இலங்கை மிஷனின் மருத்துவராக 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். ஆங்கிலத்தில் கற்ற மாணவர்கள் நகரங்களுக்குச் சென்றுவிடுவதைக் கண்டு, 1860-களில் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். 'இரணவைத்தியம்' முதலிய நூல்கள் அந்த முயற்சியில் வெளிவந்தன. உடற்கூறு, நோய், மருந்து ஆகியவற்றுக்கான தமிழ்க் கலைச்சொற்களையும் அவரும் அவர் மாணவர்களும் உருவாக்கினர்.

இன்றும் தமிழ்நாட்டில் மருந்துச்சீட்டு ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. மருத்துவருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் அது போதும். ஆனால் மலைப்பாதையில் முதலில் வந்து சேர்பவர் ஜீப் ஓட்டுநர், தோட்டத் தொழிலாளி, தேநீர்க் கடைக்காரர், வனக்காவலர் ஆகியோரில் ஒருவர். 'எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன்' என்ற தமிழ் வரியை அவர் உடனே புரிந்துகொள்வார். மருந்தின் பெயர் ஆங்கிலத்திலும், நோயின் பெயரும் உடனே செய்ய வேண்டியதும் தமிழிலும் இருப்பது இரு தரப்புக்கும் பயன்படும்.

உடலில் அணிந்த அடையாளம்

உடலோடு செய்தியை அணியும் வழக்கம் போர்க்களத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் ராணுவம் 1907-ல் வீரர்களுக்கு அடையாள வில்லைகளை வழங்கத் தொடங்கியது. அவற்றின் முதல் நோக்கம் இறந்தவரை அடையாளம் காண்பது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் இரத்தப் பிரிவுகளை விளக்கியிருந்தார். அதற்காக 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வீரர்களின் வில்லைகளில் இரத்தப் பிரிவும் டெட்டனஸ் தடுப்பூசி போட்ட ஆண்டும் பொறிக்கப்பட்டன. இறந்தவருக்கான அடையாளமாகத் தொடங்கிய வில்லை இவ்வாறு உயிருள்ளவருக்கான மருத்துவக் குறிப்பாக மாறியது.

பொதுமக்களிடையே இதன் தேவையை உருவாக்கியது இன்சுலின். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக அது நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. அதுவரை இறந்துகொண்டிருந்தவர்கள் வாழத் தொடங்கினர். கூடவே ஒரு புதிய ஆபத்தும் வந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடத் தவறினால் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும். வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு, தடுமாற்றம், பின் மயக்கம். தெருவில் பார்ப்பவர்களுக்கு இது குடிபோதையாகத் தோன்றும். எனவே நீரிழிவு நோயாளிகள் அடையாள அட்டை வைத்திருக்குமாறு மருத்துவர்கள் வலியுறுத்தினர். தமிழ்நாட்டில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கி, 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையை நிறுவினார்.

மருத்துவ எச்சரிக்கை வளையலின் கதை கலிபோர்னியாவின் டர்லாக் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. 1953-ல் மருத்துவர் மரியன் காலின்ஸின் பதினான்கு வயது மகள் லிண்டாவுக்கு விரலில் காயம்பட்டது. டெட்டனஸ் எதிர்நஞ்சு செலுத்தும் முன் சோதனைக்காகச் சிறு துளி மட்டுமே கொடுக்கப்பட்டது. குதிரையின் இரத்தநீரிலிருந்து எடுக்கப்பட்ட அந்த மருந்தின் ஒவ்வாமையால் அவர் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அடுத்த முறை அவர் மயங்கிய நிலையில் வேறொரு மருத்துவரிடம் சேர்க்கப்பட்டால், அதே மருந்து நல்லெண்ணத்துடனேயே மறுபடி கொடுக்கப்படும் என்று பெற்றோர் அஞ்சினர். வெளியூர் செல்லும்போது தாளில் எழுதி அவர் அணிந்துகொண்ட குறிப்பு பின்னர் வெள்ளி வளையலாகச் செய்யப்பட்டது. 1956-ல் மரியன் காலின்ஸும் அவர் மனைவி கிரிஸ்ஸியும் மெடிக்அலர்ட் அறக்கட்டளையைத் தொடங்கினர். பாம்பு சுற்றிய கோல் பொறித்த வளையலின் பின்புறம் முக்கிய நோயும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் கேட்டால் மேலதிகத் தகவல் கிடைக்கும்.

இதையொட்டி வேறு வடிவங்களும் வந்தன. பிரிட்டனில் ஸ்டீராய்டு மருந்து நீண்டநாள் எடுப்பவர்களுக்கு நீல அட்டையும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு மஞ்சள் புத்தகமும் வழங்கப்பட்டன. இதயத்துடிப்புக் கருவியான பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்களுக்குக் கருவியின் விவரம் அடங்கிய அட்டை கொடுப்பது இந்தியாவிலும் வழக்கமானது.

நீலகிரியில் ஒரு கண்டுபிடிப்பு

தமிழக மலைகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு நிகழ்வு 1952-ல் நடந்தது. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுக்கூறு இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதற்கு முன் இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோயாகவே கருதப்பட்டது. இரு பெற்றோரிடமிருந்தும் இக்கூறைப் பெற்றவரின் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து சிறு இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. தாங்க முடியாத வலி, இரத்தசோகை, நுரையீரல் பாதிப்பு ஆகியவை ஏற்படுகின்றன. குளிரும் நீரிழப்பும் இந்த வலியைத் தூண்டக்கூடியவை.

இந்நோயாளி வலியால் துடித்தபடி புதிய மருத்துவமனை ஒன்றுக்கு வரும்போது அவரைப் பார்த்து நோயை ஊகிப்பது எளிதல்ல. சாதாரண மூட்டுவலி எனக் கருதி அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. 'அரிவாள் அணு நோய்' என்ற வரி கையில் இருந்தால் சிகிச்சையின் திசையே மாறும். 1990-ல் கூடலூரில் தொடங்கப்பட்ட ஆதிவாசி மருத்துவமனை இந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. 2023 ஜூலை 1 அன்று தேசிய அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. பரிசோதிக்கப்பட்டவருக்கு முடிவைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது. அதுவும் ஓர் அவசர மருத்துவக் குறிப்பே.

பாதரசமும் தொழில் வரலாறும்

ஒருவர் என்ன வேலை செய்தார் என்பதும் மருத்துவத் தகவலே. கொடைக்கானலில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1983-ல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியில் பழைய பொருள் கிடங்கு ஒன்றில் இருப்பது வெளிச்சத்துக்கு வந்து ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் தங்களுக்குச் சிறுநீரகம், நரம்பு தொடர்பான கோளாறுகள் ஏற்பட்டதாக முறையிட்டனர். ஆய்வுகள் அவ்வாறு காட்டவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. நீண்ட வழக்குக்குப் பின் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

பாதரச ஆவி மூச்சுவழி உடலில் சேர்வது. நடுக்கம், நினைவுத் தடுமாற்றம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை அதனால் வரலாம் என்பது மருத்துவம் அறிந்தது. இக்குறிகள் வேறு பல நோய்களுக்கும் பொதுவானவை. நோயாளி பாதரசத்துடன் எத்தனை ஆண்டுகள் வேலை செய்தார் என்பது தெரியாவிட்டால் மருத்துவருக்கு அந்தத் திசையில் சந்தேகமே எழாது. நிலக்கரி, பருத்தி, பூச்சிமருந்து ஆகியவற்றுடன் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். கொடைக்கானல் மேல்மலையில் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு பயிர்களுக்கு மருந்தடிப்பவர் மயங்கி விழுந்தால், அடித்த மருந்தின் டப்பாவையோ அதன் பெயரெழுதிய தாளையோ உடன் கொண்டுசெல்வது சிகிச்சையை விரைவுபடுத்தும்.

108-ம் கைமாறும் நோயாளியும்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவது இதன் சிறப்பு. அவர் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்து நோயாளிப் பதிவுத்தாளில் எழுதி மருத்துவமனையில் ஒப்படைக்கிறார். டோலிக் காலத்தில் வாய்மொழியாக இருந்த செய்தி முதன்முறையாகப் பயணத்தின்போதே எழுத்தில் பதிவாகத் தொடங்கியது.

ஆனால் உதவியாளரால் அளந்து அறியக்கூடியவை சில மட்டுமே. சர்க்கரை தாழ்ந்திருந்தால் கருவி காட்டிவிடும். பென்சிலின் ஒவ்வாமையையோ, வார்ஃபரின் போன்ற உறைவெதிர் மருந்து எடுப்பதையோ, காக்காய் வலிப்பு இருப்பதையோ காட்டும் கருவி ஆம்புலன்சில் இல்லை. பக்கவாதத்தில் இது மேலும் முக்கியம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் உறைந்த கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நோயாளி ஏற்கெனவே உறைவெதிர் மருந்து எடுப்பவரானால் அந்த ஊசியே ஆபத்தாகலாம். மேல்மலை ஊரொன்றிலிருந்து ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனையை அடைவதற்கே பல மணி நேரம் கழிந்துவிடும். அங்கு சென்றபின் வீட்டுக்குத் தொலைபேசி செய்து மாத்திரையின் பெயரை விசாரிக்கும் நேரம் அந்தக் கணக்கிலிருந்தே குறைகிறது. 'கடைசியாக நன்றாக இருந்தது காலை 6 மணி' என்றும், எடுக்கும் மாத்திரைகள் எவை என்றும் எழுதிய ஒரு தாள் அந்த நேரத்தை மிச்சப்படுத்தும்.

குளிர்ப்பகுதிக்கே உரிய தவறு ஒன்றும் உண்டு. சர்க்கரை தாழ்ந்தவர் நடுங்கும்போது உடனிருப்பவர்கள் அதைக் குளிர் நடுக்கம் என எண்ணிப் போர்வை போர்த்திவிடுவர். அவர் நீரிழிவு நோயாளி எனத் தெரிந்தால், நினைவுடன் விழுங்கும் நிலையில் இருக்கும்போதே சர்க்கரையோ இனிப்பான தேநீரோ கொடுத்துவிடலாம். நினைவிழந்தபின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

வழியில் உதவுபவர்களின் அச்சமும் ஒரு தடையாக இருந்தது. காவல்துறை விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேரிடும் என்று பலர் விபத்தில் சிக்கியவரைத் தொடவே தயங்கினர். உதவுவோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்டவலுவுடன் ஏற்றது. 2019-ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு இடம்பெற்றது. உதவுபவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உதவி செய்பவர் பெயர் சொல்லாமலே சென்றுவிடும்போது, பாதிக்கப்பட்டவரின் பெயரையும் உறவினர் எண்ணையும் அவரது சட்டைப்பைதான் சொல்ல வேண்டும்.

பாதயாத்திரையும் மலையேற்றமும்

இம்மலையின் வட அடிவாரத்தில் பழனி உள்ளது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இலட்சக்கணக்கானோர் பல நாள் நடந்து அங்கு வருகின்றனர். குன்றக்குடி வழியாக வரும் நகரத்தார் பாதயாத்திரை புகழ்பெற்றது. விரதமும் நீண்ட நடையும் சேரும்போது நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் மருந்து முறை குலைகிறது. மாத்திரையை விட்டுவிடுபவர்களும், உணவைக் குறைத்துக்கொண்டு மாத்திரையை வழக்கம்போல் எடுப்பவர்களும் உண்டு. இறுதியில் மலைக்கோயிலின் 693 படிகளையும் ஏற வேண்டும். முதியவர் கூட்டத்திலிருந்து பிரிந்து மயங்கிவிட்டால் அவருடைய ஊரும் நோயும் எவருக்கும் தெரியாது. குழந்தைகளின் சட்டையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிக் குத்தும் பழக்கம் திருவிழாக்களில் பரவலாக உள்ளது. அதே முறை முதியவர்களுக்கும் ஏற்றது. அவர்களின் தாளில் எண்ணோடு மருந்தின் பெயரும் இருக்க வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகளை வகுத்தது. குழுவாகச் செல்வோரின் உடல்நிலைப் பட்டியலும் உறவினர் எண்களும் ஒரு பிரதி வழிகாட்டியிடமும் ஒரு பிரதி அடிவாரத்திலும் இருப்பது மலையேற்றத்தில் நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது.

கைப்பேசிக் காலம்

2005-ல் இங்கிலாந்தில் பாப் பிராட்சி என்னும் ஆம்புலன்ஸ் பணியாளர், அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் எண்ணைக் கைப்பேசியில் ஒரே பொதுப்பெயரில் சேமிக்கும் முறையை முன்வைத்தார. அவ்வாண்டு ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. கைப்பேசிகளுக்குக் கடவுச்சொல் பூட்டு வந்தபோது இம்முறை பயனிழந்தது. அதற்கு மாற்றாக, பூட்டிய திரையிலேயே மருத்துவத் தகவலைக் காட்டும் வசதி 2014-ல் ஐபோன்களிலும் அதையடுத்து ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் வந்தது. இதற்கு இணையத் தொடர்பு தேவையில்லை. எனவே சிக்னல் கிடைக்காத மலைக்காட்டிலும் பயன்படும். மின்கலம் தீர்ந்தாலோ நீரில் நனைந்தாலோ பயன்படாது.

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க நலவாழ்வு எண்ணை வழங்குகிறது. மருத்துவமனைப் பதிவுகளை ஒப்புதலுடன் இணைப்பது அதன் நோக்கம். ஒப்புதல் தர வேண்டியவர் நினைவிழந்து கிடக்கும்போது கையிலுள்ள சிறு அட்டையே முதலில் படிக்கப்படும்.

குறிப்பில் இடம்பெறுபவை

நல்ல குறிப்பு சுருக்கமானது. பெயர், பிறந்த ஆண்டு, அழைக்க வேண்டிய இருவரின் எண்கள், நாட்பட்ட நோய்கள், மருந்தும் அளவும், ஒவ்வாமை, உடலில் பொருத்தப்பட்ட கருவிகள், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனை, எழுதிய தேதி ஆகியவை போதும். கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் தாய்சேய் நல அட்டை இவற்றில் பலவற்றை ஏற்கெனவே கொண்டிருக்கிறது. ஊர்விட்டு ஊர் செல்லும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதே அதன் பயனைக் கெடுக்கிறது.

இரத்தப் பிரிவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஓட்டுநர் உரிமத்திலும் பள்ளி அடையாள அட்டையிலும் அது அச்சிடப்படுவதால், அதுவே மிக முக்கியமான தகவல் எனப் பலர் எண்ணுகின்றனர். எந்த மருத்துவமனையும் அட்டையை மட்டும் நம்பி இரத்தம் ஏற்றுவதில்லை. நோயாளியின் இரத்தத்தைப் பரிசோதித்துப் பொருத்தம் பார்த்தபின்பே ஏற்றும். அட்டையிலுள்ள பிரிவு இரத்தக் கொடையாளர்களை முன்கூட்டித் தேட உதவலாம். உயிரைக் காப்பதில் அதைவிட ஒவ்வாமையும் மருந்துப் பட்டியலும் முந்தியவை. மருந்தை மாற்றியபின் திருத்தப்படாத பழைய குறிப்பு, குறிப்பே இல்லாததைவிடத் தீங்கு செய்யக்கூடும்.

தயக்கங்கள்

இம்முறை தமிழ்நாட்டில் பரவலாகாததற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. நோயை வெளியில் சொல்வது திருமணத்தையும் வேலையையும் பாதிக்கும் என்ற அச்சம் உண்மையானது. வலிப்பு நோயுள்ள இளம்பெண் அதை எழுதிய வளையலைக் கையில் அணிந்து நடமாடத் தயங்குவது புரிந்துகொள்ளத்தக்கதே. அத்தகையோருக்கு மடித்த தாள், பணப்பைக்குள் அட்டை, தாலிச் சரட்டிலோ கழுத்துச் சங்கிலியிலோ சிறு வில்லை எனப் பிறர் கண்ணில் படாத வடிவங்கள் உள்ளன. எதை எழுதுவது, எதை விடுவது என்பதை நோயாளியே மருத்துவருடன் பேசி முடிவுசெய்ய வேண்டும். மயங்கிய நிலையில் தவறான சிகிச்சைக்கு வழிவகுக்கக்கூடிய நோய்களை மட்டும் எழுதுவது பொதுவான அளவுகோல்.

செலவு மற்றொரு காரணம். உலோக வளையல்கள் விலையுள்ளவை. ஆனால் லிண்டா காலின்ஸ் முதலில் அணிந்தது ஒரு தாள்துண்டு. நெகிழித்தாளில் சுற்றிய ஒரு தாள் மழைக்கும் பனிக்கும் தாங்கும். மேல்மலைக் கிராமங்களில் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. அதன் பணியாளர்கள் மாத்திரை கொடுக்கும்போதே அதன் பெயரை ஒரு சிறு அட்டையில் எழுதிக் கொடுக்க முடியும். எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிக்கும் அது பயன்படும். ஏனெனில் அந்த அட்டையைப் படிக்க வேண்டியவர் அவர் அல்ல, மலையடிவாரத்தில் அவரைக் கையேற்கும் அடுத்தவர்.